மாற்றப்பட்ட ஒரு சொல்: வகுப்பறையில் ஹக்கிள்பெரி ஃபின்

மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்னின் சாகசங்கள்' அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் ஆங்கில வகுப்புகளில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வருவது. நெடுங்காலமாக எதிர்க்கப்பட்டும் வருவது. 1884 டிசம்பரில் இங்கிலாந்திலும் 1885 பெப்ரவரியில் அமெரிக்காவிலும் வெளியான இந்நாவலை, அடுத்த மாதமே மசாசூசெட்ஸிலுள்ள கொன்கோர்ட் பொது நூலகம் விலக்கியது. முரட்டுத்தனமானது, பண்பற்றது என்பதே அன்றைய குற்றச்சாட்டு. 1960களின் ஆரம்பத்தில் பேச்சுமொழியில் எழுதியோரை 'இழிசனர் வழக்கு' எனத் தூற்றிய கூச்சலை அறிந்த எமக்கு இது புதிதல்ல. 1957இல் நியூயோர்க் நகரக் கல்விச் சபை தனது பாடநூற் பட்டியலிலிருந்து நாவலை நீக்கிய வேளை, பிரச்சினை வேறொன்றாகியிருந்தது. கறுப்பினத்தவரை இழித்துரைக்கும் வசைச்சொல்லொன்று இதில் 200க்கும் அதிகமான தடவைகள் வருகிறது.

2011இல் அலபாமாவின் நியூசவுத் புக்ஸ் வெளியிட்ட பதிப்பில் அச்சொல்லுக்குப் பதிலாக 'அடிமை' என்ற சொல் இடப்பட்டது. பதிப்பாசிரியர் அலன் கிரிபன், ட்வைன் ஆய்வில் தோய்ந்த பேராசிரியர். அச்சொல்லுக்கு அஞ்சி ஆசிரியர்கள் நாவலையே கைவிடுகிறார்கள், மாற்றினால் நாவல் மீண்டும் வகுப்புக்கு வரும் என்பது அவரது வாதம். அவரது நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆயினும், அப்பதிப்பை வாசிக்கும் மாணவன் எதனை இழக்கிறான் என்று ஓர் ஆசிரியன் கேட்டேயாக வேண்டும்.

இந்நாவலின் கடினம் அதன் கொச்சைமொழியில் மட்டும் இல்லை. கதைசொல்லியான ஹக், பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன். தன் நற்குணத்தைத் தானே அறியாதவன். 31ஆம் அத்தியாயத்தில், தப்பியோடிய ஜிம் இருக்குமிடத்தை அவனது எஜமானிக்கு அறிவிக்கக் கடிதம் எழுதுகிறான். ஜிம்முடன் ஆற்றில் கழித்த இரவுகள் நினைவுக்கு வரவே, அதனைக் கிழித்தெறிகிறான். அதற்காகத் தனக்கு நரகமே கதி என உளமார நம்புகிறான். அடிமையை உடையவரிடம் ஒப்படைப்பதே நன்மை என்றுதானே அவனுக்குப் போதித்திருந்தார்கள்! அவன் பாவமென நினைப்பதுதான் அவன் செய்த பெரிய நன்மை என்பதை ஹக் சொல்லமாட்டான். ட்வைனும் சொல்லமாட்டார். மாணவனே கண்டுகொள்ள வேண்டும்.

அடுத்த அத்தியாயத்தில், நீராவிப் படகில் வெடிப்பு நேர்ந்ததாக ஹக் ஒரு பொய் சொல்கிறான். யாருக்கேனும் காயமா என ஸாலி மாமி கேட்கிறாள். இல்லையென்கிறான், இறந்தது ஒரு கறுப்பன் மட்டுமே என்பதை அவ்வசைச்சொல்லால் கூறுகிறான். நல்லவேளை, சில சமயம் ஆட்கள் காயப்படுவதுண்டு என அவள் ஆறுதலடைகிறாள். அவள் கொடியவளல்ல. அன்பான குடும்பப் பெண், மதபோதகரின் மனைவி. எனினும் இறந்தவன் அவளது 'ஆட்கள்' கணக்கில் இல்லை. கணக்கிலிருந்து அவனைத் தள்ளியது அந்தச் சொல்தான்.

'அடிமை' என்பது சட்டம் சுமத்திய நிலை. சட்டம் மாறினால் நீங்கும். வசைச்சொல்லோ சுதந்திர மனிதனையும் விடுவதில்லை. 6ஆம் அத்தியாயத்தில், வாக்குரிமை பெற்ற, பல மொழிகள் கற்ற கறுப்பினப் பேராசிரியர் ஒருவரை ஹக்கின் குடிகாரத் தந்தை இதே சொல்லால் ஏசுகிறான். இவ்விரண்டும் ஒன்றெனக் கற்கும் மாணவனுக்கு, 1865இல் அடிமைமுறை ஒழிந்து இருபது வருடங்களின் பின் ட்வைன் ஏன் இதனை எழுதினார் என்பது விளங்காமலே போகும்.

மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். அச்சொல் உரக்க வாசிக்கப்படும்போது, அதே வகுப்பில் தலைகுனிந்திருக்கும் கறுப்பினப் பிள்ளைக்கு எமது நுட்பமான வாதங்கள் எதைத் தரும்? 1996இல் வெளிவந்த ஒக்ஸ்போர்ட் பதிப்புக்கு முன்னுரை எழுதிய டொனி மொரிசன், பள்ளிப் பருவத்தில் ஆசிரியரின் வழிகாட்டலில் இதனைப் படித்தபோதும் தனக்குள் அடக்கப்பட்ட சினமே எஞ்சியதாக எழுதினார். ஆயினும் நாவலைத் தடைசெய்யும் முயற்சிகளை, பிள்ளைகளுக்குக் கற்பிப்பதைவிடப் பெரியவர்களைச் சமாதானப்படுத்தும் தணிக்கையாகவே அவர் கண்டார். அச்சொல்லைப் பற்றி அறிவார்ந்த ஆசிரியர் ஒருவர் வகுப்பில் விரிவாகப் பேசியிருந்தால் தமக்குப் பயன்பட்டிருக்கும் என்பதே அவரது கருத்து. என் பார்வையில் இந்த விவகாரத்தில் சொல்லப்பட்ட மிகப் பெறுமதியான கருத்து இதுவே. குறை சொல்லில் அல்ல, சொல்லைச் சுற்றி ஆசிரியர் காத்த மௌனத்தில் இருந்தது.

நாவலிலும் குறையுண்டு. சிறைப்பட்ட ஜிம்முக்கு எஜமானியின் மரண சாசனம் ஏற்கெனவே விடுதலை அளித்துவிட்டது. அதை அறிந்துகொண்டே டொம் சோயர் அவனை மீட்கும் விளையாட்டை நடத்துகிறான். ஜிம் கோமாளியாக்கப்படுகிறான். 1950இல் டி.எஸ். எலியட் இம்முடிவை ஆதரித்தார். 1953இல் லியோ மார்க்ஸ் வன்மையாக மறுத்தார். நான் மார்க்ஸின் பக்கம். ஆனால் முடிவு பிழைத்த நாவல் வகுப்பறைக்கு ஆகாதென்பதல்ல. பெரிய எழுத்தாளனும் தான் தொடங்கிய உண்மைக்கு முகங்கொடுக்க முடியாமல் தயங்கக்கூடும் என்பதை மாணவர் அறிவதும் இலக்கியக் கல்விதான்.

இதற்கு நாவல் வடிவிலேயே ஒரு மறுமொழி வந்திருக்கிறது. பேர்சிவல் எவரட்டின் 'ஜேம்ஸ்' (2024) கதையை ஜிம்மின் வாயால் சொல்கிறது. 2025இல் புலிட்சர் பரிசு பெற்ற நாவல் இது. கொச்சைமொழி வெள்ளையர் முன் அணியும் முகமூடி. தம்மவரோடு ஜேம்ஸ் பேசுவது திருத்தமான ஆங்கிலம். வெள்ளையர் முன் எப்படிப் பிழையாகப் பேசுவதென்று அவன் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் பகுதி, ஆசிரியரெவரும் தவறவிடக் கூடாதது.

ஆகவே, மூலப் பிரதியை அப்படியே கற்பியுங்கள் என்பதோடு என் கட்சி முடியவில்லை. நூலைத் திறக்குமுன் அச்சொல்லின் வரலாற்றுக்குச் சில பாடவேளைகள் ஒதுக்கப்பட வேண்டும். தானே அடிமையாயிருந்த பிரெட்ரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய சுயசரிதை முதலில் வாசிக்கப்பட வேண்டும். வகுப்பில் அச்சொல்லை உரக்க உச்சரிப்பதா என்பதை முன்கூட்டியே மாணவரோடு பேசித் தீர்மானிக்க வேண்டும். இதற்கெல்லாம் நேரமில்லை, பரீட்சை நெருங்குகிறது என்போர் வேறொரு நூலைத் தெரிவதே மேல். அந்தப் பிள்ளையை அவ்வகுப்பில் தனித்திருக்கவிட்டு நடத்தும் பாடத்தை இலக்கியம் என்று சொல்ல என்னால் முடியாது.