சமாதானமும் அமைதியும்: தமிழ் விவிலியத்தில் உள்ளத்து அமைதி பற்றிய சொல்லாட்சி

கிறித்தவ நெறியில் ஒழுகும் ஒருவர் அடையும் உள்ளத்து அமைதியைக் குறிக்கப் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலம் ‘எய்ரேனே’ என்னும் சொல்லைப் பெரிதும் ஆள்கிறது. எபிரேய ‘ஷாலோம்’ என்னும் சொல்லின் நிறைவு, நலம், நல்லுறவு ஆகிய பொருள்களும் இதன் பின்னணியில் உள்ளன. 1871இல் முழுமையாக வெளிவந்த பவர் திருப்புதல் இதற்குச் ‘சமாதானம்’ என்னும் சொல்லைக் கையாண்டது. கத்தோலிக்கரும் பிற திருச்சபையினரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் பல இடங்களில் ‘அமைதி’ என்பதைத் தேர்ந்தது. இம்மாற்றத்தை வடசொல் நீக்கமாக மட்டும் காண்பது பொருந்தாது. நம்பிக்கையாளர் தம் அகநிலையைப் புரிந்துகொள்ளும் முறையையே அது ஓரளவு மாற்றுகிறது.

உறவுப் பொருளும் வேற்றுமையும்

சமாதானம் என்னும் சொல் தமிழில் இருவர்க்கிடையே நிகழும் ஒன்றைச் சுட்டுகிறது. பகை தீர்தல், ஊடல் தணிதல், தவற்றுக்கு விளக்கம் கூறல் ஆகிய வழக்குகள் அனைத்திலும் எதிரே மற்றொருவர் இருக்கிறார். எனவே ‘அவரோடு சமாதானம்’ என இச்சொல் உடனிகழ்ச்சிப் பொருளை இயல்பாக ஏற்கும். உரோமையர் 5:1இல் கிரேக்கம் ‘கடவுளை நோக்கிய’ என்னும் பொருள்தரும் ‘ப்ரோஸ்’ என்ற முன்னிடைச் சொல்லுடன் எய்ரேனேயை இணைக்கிறது. பழைய திருப்புதல் ‘தேவனிடத்தில்’ என்று அவ்வுறவைக் காத்தது.

அமைதி என்னும் பெயர் இத்தகைய தொடரமைப்பை எளிதில் ஏற்பதில்லை. ‘மனத்தில் அமைதி’, ‘வீட்டில் அமைதி’ என இடப்பொருளோடு அது பொருந்துகிறது. ‘கடவுளோடு அமைதி’ என்பதோ தமிழ்ச் செவிக்கு முற்றுப்பெறாத தொடராக ஒலிக்கிறது. திருவிவிலியம் இவ்விடத்தில் ‘நல்லுறவு’ என்று பெயர்த்தமைக்கு இவ்விலக்கணத் தடையும் ஒரு காரணமாகலாம். அப்பெயர்ப்பு தெளிவானது, பொருட்பிழையும் அதில் இல்லை. ஆயினும் யோவான் 14:27இல் ‘அமைதி’ எனவும் இங்கே ‘நல்லுறவு’ எனவும் வருவதால், இரண்டும் மூலத்தில் ஒரே சொல் என்பதைத் தமிழ் வாசகர் அறிய வழியில்லை. கடவுளோடு உறவு சீர்ப்பட்டதே உள்ளத்து அமைதிக்கு ஊற்று என்ற பவுலின் கருத்துத் தொடர் இங்குத் தளர்கிறது.

அமைதி என்னும் சொல்லின் வலிமை

எனினும் அமைதியை வெறும் ஒலியின்மை எனக் கொள்வது அச்சொல்லுக்கு நீதியாகாது. அமைதல் என்பது பொருந்துதல், நிறைதல், ஏற்கப்படுதல் ஆகிய பொருள்களையும் தரும். நன்னூல் வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றாகப் பகுக்கும். பசுவை உவப்பினால் ‘அம்மை’ என உயர்திணையாற் கூறுவது வழுவாயினும், அன்பு காரணமாக அமைத்துக்கொள்ளப்படுகிறது. வழு மறுக்கப்படவில்லை, தகுந்த காரணம் பற்றி ஏற்கப்படுகிறது. நம்பிக்கையால் ஏற்புடையவராக்கப்படுதல் என்னும் பவுலின் கருத்துக்கு இம்மரபு மிக அணுக்கமானது. ஆயின் இலக்கணம் பயின்றோரிடத்தே எஞ்சியுள்ள இப்பொருளை இன்றைய வாசகர் அனைவரிடமும் எதிர்பார்த்தல் இயலாது. சமாதானம் என்னும் சொல்லும் ‘சமாதானம் சொல்லுதல்’ போன்ற வழக்குகளால் சாக்குப்போக்கு என்னும் சாயலை ஏற்றுள்ளது. இரு சொற்களுக்கும் இழப்பும் உண்டு, பேறும் உண்டு.

வினைச்சொற்கள் காட்டும் பயிற்சி

மொழிபெயர்ப்புத் திறனாய்வு பெயர்ச்சொல்லோடு நின்றுவிடுவது போதாது. பிலிப்பியர் 4:7இல் அமைதி எழுவாயாக நின்று உள்ளங்களைக் ‘காக்கும்’ வினையைச் செய்கிறது. ‘ஃப்ரூரெயோ’ என்னும் அவ்வினை காவற்படை நிறுத்திக் காத்தலைக் குறிப்பது. 2 கொரிந்தியர் 11:32இல் தமஸ்கு நகரம் காவல் செய்யப்பட்டதைக் கூறவும் அதுவே வருகிறது. சிறையிலிருந்து எழுதப்பெற்ற மடலில் இவ்வினை அமைந்திருப்பது கருதத்தக்கது. இதற்கு முன் நன்றியோடு கூடிய வேண்டுதலும், பின் கற்றவற்றைச் செய்க என்னும் ஏவலும் இடம்பெறுகின்றன. வேண்டுதல், நன்றி, ஒழுக்கம் ஆகியவற்றின் நடுவே, அவற்றின் உடன்விளைவாகவே அமைதி பேசப்படுகிறது. மனிதர் நேரே முயன்று பற்றும் பொருளாக அது கூறப்படவில்லை.

மத்தேயு 11:29இலும் இந்நிலையே. இளைப்பாறுதல் நுகத்தை ஏற்றவர்க்கு வாக்களிக்கப்படுகிறது. நுகம் உழைப்பின் கருவி. அதை இறக்கி வைத்த பின் வரும் ஓய்வு இங்குப் பேசப்படவில்லை. இத்தொடருக்கு மூலமான எரேமியா 6:16உம் நல்வழியில் நடப்போர்க்கே இளைப்பாறுதல் உண்டு என்கிறது. பழைய திருப்புதலின் ‘ஆத்துமாக்கள்’ திருவிவிலியத்தில் ‘உள்ளம்’ ஆனபோது, முழு உயிரையும் தழுவிய பொருள் உணர்வுநிலையை நோக்கிச் சற்றே குறுகுகிறது.

இதே நுட்பத்தை ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட பயணக் கதையிலும் காணலாம். சிலுவையின் முன் சுமை நீங்கப்பெற்ற பயணி, பின்னர் ‘அமைதி’ எனப் பெயரிய அறையில் உறங்குகிறான். அவ்வறையின் சாளரம் கதிரவன் எழும் திசை நோக்கியது. அம்மாளிகையிலிருந்து படைக்கலம் பூண்டு புறப்படும் அவனுக்குத் தாழ்மைப் பள்ளத்தாக்கில் போர் காத்திருக்கிறது. அமைதி பயணத்தின் இறுதியில் அன்றி இடையிலேயே வாய்க்கிறது. போரை அது விலக்கவுமில்லை. இந்நூலைத் தழுவி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டபோது, இவ்வகப்பயணம் தமிழ்க் காப்பிய மரபுக்குள் இடம்பெற்றது.

முடிபு

அமைதி என்பது கலக்கமற்ற உணர்வு மட்டுமே எனக் கொள்ளப்படின், கலங்கி நிற்கும் நம்பிக்கையாளர் தம் நம்பிக்கையே பழுதுற்றதென எண்ண நேரும். உறவும் பயிற்சியும் அச்சொல்லோடு இணைந்து நிற்பின், கலக்கத்தின் நடுவிலும் அவர் வேண்டுதலைத் தொடர இடமுண்டு. சொல் தேர்வின் விளைவு இவ்வளவு தூரம் செல்கிறது. ஆகவே ஒரு சொல்லை நிலைநாட்டி மற்றொன்றை விலக்குவதைவிட, வேற்றுமை உருபு, வினை, சூழல் ஆகியவற்றால் சொல்லின் இழப்பை ஈடுசெய்வதே மொழிபெயர்ப்பாளர்க்கு ஏற்ற நெறியாகும். சொல் மாறும் இடங்களில் மூலச்சொல் ஒன்றே என அடிக்குறிப்பால் உணர்த்துவதும் பயன்தரும்.