ஓவியத்தைப் பார்த்து உடுப்புத் தைக்கலாமா?

சென்ற வருடம் ஊர்ப் பாடசாலையொன்றில் தமிழ்த் தின நாடகம். இஸ்தான்பூலில் அச்சுக்கூடம் வைத்த இப்ராஹீம் முதஃபர்ரிகாவைப் பற்றிய கதை. நல்ல கரு, பிள்ளைகளும் திறமையாக நடித்தார்கள். ஆனால் திரை விலகியதும் எனக்குத் திக்கென்றது. மேடையில் நின்ற அத்தனை பேருடைய தலையிலும் குஞ்சம் வைத்த சிவப்புத் துருக்கித் தொப்பி. இடுப்பில் தங்கக் கடதாசி ஒட்டிய மட்டைப் பட்டி, அதன் நடுவில் சோசர் அளவில் ஒரு பக்கிள்.

முதஃபர்ரிகா தனது முதல் நூலை அச்சிட்டது 1729இல். அந்தச் சிவப்புத் தொப்பியை ஒஸ்மானிய அரசு உத்தியோகத்தர்களின் தலையணியாக சுல்தான் இரண்டாம் மஹ்மூத் சட்டமாக்கியது 1829இல். சரியாக நூறு வருட வித்தியாசம். முதஃபர்ரிகா காலத்து உத்தியோகத்தர் தலையில் இருந்தது, உயர்ந்த குல்லாவின் மேல் சுற்றிய தலைப்பாகை. எங்கட ஆட்களுக்குத் துருக்கி என்றால் தொப்பிதான் ஞாபகம் வரும். அதற்குக் காரணமும் உண்டு. அந்தத் தொப்பியைக் கழற்ற மாட்டேன் என்று 1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் உயர் நீதிமன்றத்தில் நின்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பெருமை சரி. அதற்காக முதஃபர்ரிகாவின் தலையில் அதைக் கொண்டுபோய் வைக்க முடியாது.

நாடகம் முடிந்ததும் பொறுப்பாசிரியரோடு கதைத்தேன். தொப்பி விஷயத்தை உடனே ஒத்துக்கொண்டார். இடுப்புப் பட்டியில் மட்டும் விடவில்லை. "சேர், அந்தக் காலத்து ஓவியத்திலேயே இப்படித்தானே இரிக்கு?" என்று போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். திண்டில் சாய்ந்திருக்கும் ஒரு பெண். இடுப்புக்குக் கீழே தளர்ந்து கிடக்கும் பட்டி. முன்னால் மினுங்கும் பெரிய பூட்டு. ஜெனீவாக்காரர் லியோத்தாரின் பாணி. ஓர் ஆண் உத்தியோகத்தருக்கு ஒரு பெண்ணின் பட்டியைப் போட்டிருக்கிறோம் என்று சொன்னேன். அவர் முகம் மாறியது. ஆனால் அவருடைய கேள்வி நியாயமானது. அந்தக் காலத்து ஓவியத்தை நம்பாமல் வேறு எதை நம்புவது?

ழான் எத்தியேன் லியோத்தார் 1738 முதல் 1742 வரை இஸ்தான்பூலில் இருந்தவர். அவர் தீட்டிய துணியின் மடிப்பு, வெல்வெட்டின் மினுக்கம், பூட்டிலுள்ள கல் எல்லாம் தொட்டுப் பார்க்கலாம் போலிருக்கும். ஆபத்தும் அங்கேதான். கை இவ்வளவு திருத்தமானதென்றால் செய்தியும் திருத்தமானதாகத்தான் இருக்கும் என்று மனம் நம்பிவிடுகிறது. ஆனால் அவர் முன்னால் இருந்தவர்கள் யார்? பாரிஸ் லூவ்ர் நூதனசாலையில் ஒரு படம் இருக்கிறது. துருக்கி உடையில் ஓர் ஆண், கையில் தந்தி வாத்தியத்துடன் ஒரு பெண். ஆண், லெவெட் என்ற ஆங்கில வியாபாரி. பெண், கிளவானி என்ற பிராங்கிய வீட்டுப் பெண். துருக்கியர் ஒருவரும் அதில் இல்லை. பிறகு ஐரோப்பா திரும்பியபோது உடுப்புகளையும் அவர் கூடக் கொண்டுபோனார். அங்குள்ள சீமாட்டிகளுக்கு அவற்றை உடுத்தி வரைந்தார். உடுப்பு உண்மையாக இருக்கலாம். உடுத்த முறைக்கு அந்தப் படம் சாட்சியாகாது. ஐரோப்பிய மார்க்கச்சையால் இறுகிப் பழகிய உடம்பில் ஒரு பட்டி விழும் விதம் வேறு, தளர்ந்த சட்டைக்கு மேல் விழும் விதம் வேறு.

பர்தா முறை நின்ற வீடுகளுக்குள் அந்நிய ஆண் ஓவியன் ஒருவன் நுழைந்திருக்க முடியாது என்பது எங்கட வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமல்ல. வெளியில் வரும் பெண், உடம்பு முழுவதையும் மூடும் மேலங்கிக்குள் இருந்தாள். அதற்குள் இருந்த பட்டியைத் தெருவில் எவரும் காணவில்லை. அப்படியிருக்க 'துருக்கியப் பெண்' என்ற தலைப்போடு ஐரோப்பிய நூதனசாலைகளில் தொங்கும் நூற்றுக்கணக்கான படங்களை என்ன செய்வது? அவற்றில் பல கிரேக்க, ஆர்மீனிய, பிராங்கியப் பெண்களைப் பார்த்து வரைந்தவை. மிச்சம் கேள்விப்பட்டு வரைந்தவை. எங்கட பொண்டுகள் எப்படி உடுத்தார்கள் என்பதை, அவர்களை ஒருநாளும் காணாதவர்களிடம் போய்க் கேட்கிறோம்.

லியோத்தாருக்கு முன்னவர் வான்மூர். 1699இல் பிரெஞ்சுத் தூதர் ஃபெரியோலுடன் இஸ்தான்பூல் வந்து, 1737இல் அங்கேயே மௌத்தானவர். ஃபெரியோல் அவரைக் கொண்டு நூறு படங்கள் வரைவித்து, 1714இல் பாரிஸில் செப்புத்தகட்டு அச்சாக வெளியிட்டார். இன்று பழைய ஒஸ்மானிய உடைகளை மீளச் செய்பவர்கள் அதிகம் புரட்டுவது இந்தத் தொகுதியைத்தான். இரண்டு விஷயங்களைக் கவனிக்காமல் புரட்டினால் சறுக்கும். தகட்டில் நேராகச் செதுக்கிய உருவம் தாளில் இடம் வலம் மாறி விழும். செதுக்கியவர் அதை முன்கூட்டியே திருப்பினாரா இல்லையா என்று தெரியாமல், கட்டாரி எந்தப் பக்கம், அங்கியின் எந்த விளிம்பு மேலே என்று சொல்ல ஏலாது. அடுத்தது நிறம். வர்ணம் தீட்டிய பிரதிகளில் அந்த வர்ணம் அச்சான பிறகு கையால் பூசப்பட்டது. பாரிஸில் யாரோ ஒருவர் தூரிகையால் தொட்ட சிவப்பை இஸ்தான்பூல் சாயக்காரரின் சிவப்பு என்று எண்ணித் துணி வாங்கினால் காசுதான் நட்டம்.

இன்னொரு பெரிய சிக்கல். அந்த நூறு படங்களை நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பாவில் திரும்பத் திரும்பப் பிரதி செய்தார்கள். வெனிஸில் குவார்தி சகோதரர்கள் தீட்டிய துருக்கிக் காட்சிகள் இவற்றிலிருந்து பிறந்தவை. ஆகவே 'ஐந்து ஓவியங்களில் ஒரே மாதிரிப் பட்டி இருக்கிறது, எனவே அது சரி' என்ற வாதம் நிற்காது. ஹதீஸ் கலை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பத்துக் கிதாபில் வந்தாலும் அறிவிப்பாளர் வரிசை ஒருவரிடம் போய் முடிந்தால் அது ஒருவருடைய சொல்தான். ஓவியங்களுக்கும் ஸனது பார்க்க வேண்டும்.

வான்மூரை ஒரேயடியாகத் தள்ளவும் கூடாது. தெருவில், தூதர் வரவேற்பில் ஆண்கள் உடுத்ததை அவர் கண்ணால் கண்டவர். டச்சுத் தூதர் கல்கூன் சேர்த்த அவருடைய ஓவியங்கள் அம்ஸ்டர்டாம் ரைக்ஸ் நூதனசாலையில் இருக்கின்றன. 1730 கிளர்ச்சியின் தலைவன் பத்ரோனா ஹலீலின் படமும் அதில் ஒன்று. (அவன் பழைய உடுப்பு விற்றவன் என்று சொல்வார்கள். உடை பற்றி எழுதும்போது விட்டுவிட மனம் வரவில்லை.)

எங்கட பக்கத்துச் சாட்சி லெவ்னி. மூன்றாம் அஹ்மதின் அரசவை ஓவியர். சுல்தானின் புதல்வர்களுக்கு 1720இல் நடந்த சுன்னத்துக் கலியாணத்தை, கவிஞர் வஹ்பியின் நூலுக்காக 137 சிற்றோவியங்களில் வரைந்தவர். தொழிற்சங்கங்கள் ஒவ்வொன்றும் தத்தம் தொழிலைக் காட்டிக்கொண்டு ஊர்வலம் போகும் பக்கங்கள்தான் எமக்குப் புதையல். யார் துணி சுற்றியிருக்கிறார், யார் தோல் வார் கட்டியிருக்கிறார், எந்தத் தரத்துக்கு எந்தத் தலைப்பாகை என்பதெல்லாம் அதில் தெளிவு. லெவ்னிக்கும் ஓர் எல்லை உண்டு. சிற்றோவியத்தில் வெள்ளிப் பூச்சு நாளாக நாளாகக் கறுக்கும்; பொன் கறுக்காது. அதனால் படத்தில் பொன்னாக மினுங்கும் பூட்டு நிஜத்தில் பொன்னா, பொன்முலாம் பூசிய வெள்ளியா, பித்தளையா என்று ஓவியத்தை மட்டும் வைத்து எவரும் சொல்ல முடியாது. நிழல் தீட்டாத கலை என்பதால் தடிப்பும் தெரியாது.

பெண்களின் பட்டி பற்றி எனக்கு அதிக நம்பிக்கை தருவது ஓவியமல்ல, ஒரு கடிதம். ஆங்கிலத் தூதரின் மனைவி மேரி வோர்ட்லி மொண்டேகு 1717இல் எதிர்னேயிலிருந்து சகோதரிக்கு எழுதியது. பெண் என்பதால் அந்தப்புரங்களுக்குள் போய் வந்தவர். பட்டி நாலு விரல் அகலம், வசதியுள்ளவர்கள் முழுவதும் கல் பதிப்பார்கள், ஏலாதவர்கள் சாட்டின் துணியில் பூவேலை செய்வார்கள், எப்படியானாலும் முன்னால் வைரப் பூட்டு இருக்க வேண்டும் என்று விபரிக்கிறார். நாலு விரல்! ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது. ஓவியம் இதைத் தரவில்லை. அவர் கண்டதும் பெரிய வீட்டுப் பெண்களைத்தான் என்பதை மறக்கக் கூடாது. சாதாரண வீடுகளுக்கு, காழி நீதிமன்றங்களில் எழுதிய மரணச் சொத்துப் பதிவுகள் இருக்கின்றன. வெள்ளிப் பட்டி இன்ன விலை, பழைய துணிப் பட்டி இன்ன விலை என்று வரிசையாக வரும். வடிவு அதில் தெரியாது. பெயரும் விலையும் பதிவில், வடிவு படத்தில், செய்முறை நூதனசாலையில் மிஞ்சிய பொருளில். மூன்றையும் பக்கத்தில் வைக்காமல் தட்டாரிடம் போகக் கூடாது. கொளுக்கி பின்பக்கம் எப்படி மாட்டுகிறது என்பதை எந்த ஓவியனும் வரைந்து வைக்கவில்லை.

என் அப்பா (உம்மாவின் வாப்பா) ஸ்டூடியோவில் எடுத்த ஒரேயொரு போட்டோ எங்கள் வீட்டில் இருக்கிறது. சாரமும் முழுக்கைச் சட்டையும். அவருடைய அகலமான பச்சை பெல்ட் அதில் இல்லை, சட்டை மூடியிருக்கிறது. கடைச் சாவியும் காசும் அதற்குள்தான். அது இல்லாமல் அவர் வாசற்படி தாண்டியதை நான் கண்டதில்லை. நாளைக்கு என் பேரப்பிள்ளை அந்தப் போட்டோவை மட்டும் பார்த்து அப்பாவின் உடையை எழுதினால் பெல்ட் என்ற சொல்லே வராது.

ஆசிரியருக்கு நான் கடைசியில் சொன்னது சின்ன விஷயம். எழுத்து வேலை செய்த ஒஸ்மானிய உத்தியோகத்தர் இடுப்பில் 'திவீத்' செருகியிருப்பார். பேனாக்கள் வைக்கும் நீண்ட பித்தளைக் கூடு, ஒரு முனையில் மைக்கூடு. முதஃபர்ரிகாவுக்குப் பொருத்தமானது அதுதான். அது நிற்க வேண்டுமென்றால் மட்டைப் பட்டி உதவாது. நீளத் துணியை மடித்து இறுக்கி, பல சுற்றுச் சுற்ற வேண்டும். மேலங்கி திறந்து கிடப்பதால் முன்னால் ஒரு சாண் மட்டும்தான் தெரியும். ஓவியங்களில் தெரிவதும் அந்த ஒரு சாண்தான்.

வலய மட்டப் போட்டிக்கு அப்படியே செய்தார்கள். ஆறு முழத் துணி, பித்தளை நிறம் பூசிய பிளாஸ்டிக் குழாய். முதல் ஒத்திகையில் குழாய் மூன்று தரம் விழுந்தது. துணியைக் குறுக்காக மடித்துச் சுற்றச் சொன்னேன். அதன் பிறகு விழவில்லை. ஆனால் பொடியனால் குனிய முடியவில்லை, நிமிர்ந்துதான் நடந்தான். "ஏன் சேர் அந்தப் படங்கள்ல எல்லாரும் இப்படி விறைச்சு நிக்கிறாங்க எண்டு இப்பதான் விளங்குது" என்றான்.