கழற்றாமல் ஒட்டலாமா?

ஆட்டம் கண்ட பழைய தேக்கு நாற்காலிக்குத் திருப்பூரில் எளிதாகக் கிடைக்கும் யோசனைகள் இரண்டு. மூலைக்கு மூலை இரும்புப் பட்டை வைத்து ஸ்க்ரூ முடுக்குவது ஒன்று. அதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஸ்க்ரூ போன வழியில் மரம் பிளக்கும், அவ்வளவுதான். மற்றொன்று, பொருத்தின் அடியில் மெல்லிய துளை போட்டு, சிரிஞ்ச் வழியாக ஃபெவிகால் ஏற்றுவது. நாற்காலியைக் கழற்ற வேண்டாம், பாலிஷ் போகாது, மறுநாளே உட்காரலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

முதலில் நாற்காலி ஏன் ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய கை நாற்காலி ஒன்று இங்கே ஏற்றுமதி அலுவலகத்தின் வரவேற்பறைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முற்றத்துக் காற்றில் இருந்த மரம் இப்போது நாள் முழுக்க ஏசியில் காய்கிறது. பச்சைத் தேக்கு முழுக்கக் காயும்போது வளையத்தின் போக்கில் சுமார் 5.8 சதவீதமும், ஆரத்தின் போக்கில் 2.5 சதவீதமும் சுருங்கும்; நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. மற்றப் பல மரங்களைவிட இது குறைவுதான். ஆனால் சிக்கல் பொருத்தில் இருக்கிறது. குறுக்குச் சட்டத்தின் முளை ஈரக்காலத்தில் அகலவாக்கில் பருக்கப் பார்க்கும். காலில் வெட்டிய துளையின் நீளமோ மரத்தின் நீளவாக்கில் இருப்பதால் அது விரிந்து இடம் தராது. முளை தன் நாரைத் தானே நசுக்கிக்கொள்கிறது. காய்ந்ததும் பழைய அளவைவிடச் சிறுத்துவிடுகிறது. பசை விட்டுப்போவது அதற்குப் பிறகுதான்.

ஆக, சிரிஞ்ச் நிரப்ப வேண்டியது நசுங்கிய மரம் விட்ட இடைவெளியை. அங்கே பழைய பசையின் பொருக்கும் அழுக்கும் இருக்கும். நிட்டிங் மெஷின் ஓடும் கட்டடத்தில் கிடந்த நாற்காலியென்றால் பஞ்சுத் தூசியும் சேர்ந்திருக்கும். வெள்ளைப் பசை சுத்தமான மரத்தில், இறுக்கமான பொருத்தில் மிக நன்றாகப் பிடிக்கும். பழைய பசைமேல் பிடிக்காது, இடைவெளியை நிரப்பும் வலுவும் அதற்கில்லை. போதாக்குறைக்கு, உள்ளே அடைபட்ட காற்று வெளியேற இரண்டாவது துளை இல்லையென்றால் பசை ஊசி முனையைத் தாண்டிப் போகாது. துளையின் வாயில் வழிந்த பசையைப் பார்த்து உள்ளே நிறைந்துவிட்டது என்று நம்புகிறோம்.

இபாக்ஸி இடைவெளியை நிரப்பும், பிடியும் விடாது. பிடி விடாததுதான் அதன்மேல் எனக்குள்ள புகார். அடுத்த முறை உடைவது பசையாக இருக்காது, மரமாக இருக்கும்.

அப்படியானால் எல்லாவற்றையும் கழற்றிவிடலாமா? 1859-இல் வந்த தோனெட் நிறுவனத்தின் 14-ஆம் எண் நாற்காலி கழற்றுவதற்கென்றே செய்யப்பட்டது: ஆறு மரத்துண்டுகள், பத்து ஸ்க்ரூ, இரண்டு நட்; பிரித்தால் 36 நாற்காலிகள் ஒரு கன மீட்டர் பெட்டியில் அடங்கும். நம் ஆசாரி செய்த நாற்காலிக்கு அந்த எண்ணமே கிடையாது. இருக்கைச் சட்டத்தின் துளைகளில் பிரம்பைக் கோத்துப் பின்னியிருந்தால், சட்டத்தைப் பிரிக்கப் பின்னலை அறுத்தாக வேண்டும். (பிளாஸ்டிக் ஒயர் வந்தபின் பிரம்பு பின்னத் தெரிந்த கையைத் தேட வேண்டியிருக்கிறது.) விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பழைய வச்சிரப் பசையை முறிக்கச் சில சொட்டு ஸ்பிரிட் விட்டால் போதும், ஆனால் அதே ஸ்பிரிட் அரக்குப் பாலிஷையும் கரைத்துவிடும். எல்லாவற்றையும்விட, உறுதியாக இருக்கும் பொருத்தைக் கொட்டாப்புளியால் தட்டிப் பிரிக்கும்போது முளை உள்ளேயே ஒடிந்துவிட்டால், இல்லாத நோயை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம்.

எனவே கேள்வியை நாற்காலிக்கு மொத்தமாகக் கேட்பதே தவறு. பொருத்துக்குப் பொருத்து கேட்க வேண்டும். நாற்காலியைக் கவிழ்த்து, ஒரு காலைப் பிடித்துக்கொண்டு எதிர்க்காலை அசைத்தால் எந்த மூலையில் கறுப்புக் கோடு திறந்து மூடுகிறது என்று தெரிந்துவிடும். ஒன்றிரண்டு மூலை மட்டும், அதுவும் கொஞ்சமாக அசைகிறது, பழைய பசை வச்சிரம்தான் என்றால் கழற்றாமல் ஒட்டுவது சரி. ஆனால் ஒட்டுவதும் வச்சிரத்தால்தான். சூடும் ஈரமும் பட்டால் பழைய வச்சிரம் இளகிப் புதியதோடு கலந்துகொள்ளும். நாளைக்கு வேண்டுமென்றால் மறுபடி பிரிக்கவும் இடம் கொடுக்கும். சுமார் 60 டிகிரியில் இளக்கி, வெந்நீரில் சூடேற்றிய சிரிஞ்சில் எடுத்து, உறைவதற்குள் ஏற்ற வேண்டும். இறுக்கிக் கட்ட பனியன் வேஸ்ட் துணி உதவாது, இழுத்த இழுப்பில் தொய்ந்துவிடும். அதை மரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் வைத்து, கயிற்றில் குச்சி செருகி முறுக்கலாம். வளைவான கை என்றால், இங்கே ஜட்டிக்கு நெய்யும் அகல எலாஸ்டிக்கைச் சுற்றுச் சுற்றாக இழுத்துக் கட்டினால் கிளாம்ப் நிற்காத இடத்திலும் பிடி கிடைக்கும்.

பாதிக்கு மேற்பட்ட பொருத்துகள் அசைந்தால் அந்த நாற்காலி பாதி கழன்றுவிட்டது என்றே அர்த்தம். அப்போது தானாக வருபவற்றை மட்டும் கழற்றி, பழைய பசையைக் கழுவி, சிறுத்த முளைக்கு மெல்லிய தேக்குச் சீவலை ஒட்டிப் பருக்க வைத்துக் கோக்க வேண்டும். உறுதியாக நிற்பவற்றைத் தொடக் கூடாது. வெள்ளைப் பசையை ஊசியால் ஏற்றும் வேலையை நான் இரண்டு நிலையிலும் ஏற்க மாட்டேன். பொருத்து பிடிக்காமல் போவது பாதிக் குற்றம்தான். மரத்தின் நுண்துளைகளில் அது படிந்துவிட்டால், பின்னால் வருபவர் வச்சிரம் போட்டாலும் பிடிக்காது. சுரண்டி எடுக்கும்போது முளை இன்னும் சிறுக்கும்.