நாலாவது கியருக்கு மேலே

இந்தியாவில் மசில் கார் ஒன்றைக் காட்டு என்றால் கான்டெஸாவைத்தான் காட்ட முடியும். நீண்ட மூக்கு, முகத்தில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு விளக்கு, இடுப்பில் லேசாக ஒடுங்கிப் பின்சக்கரத்தின் மேல் தோள் தூக்கி நிற்கும் உடம்பு. இங்கிலாந்தில் வாக்ஸால் நிறுவனம் 1976 முதல் 1978 வரை விற்ற விஎக்ஸ் காரை ஒட்டி, இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984இல் இறக்கிய வண்டி அது. பானெட்டைத் தூக்கினால்தான் ஏமாற்றம். உள்ளே இருந்தது அம்பாசடரின் 1,489 சி.சி. இன்ஜின், 50 குதிரைத்திறன், நாலு கியர். அந்த உடம்புக்கு அந்த இன்ஜின் பற்றவே பற்றாது. எண்பதுகளின் பிற்பாதியில் இசுஸுவின் 1.8 லிட்டர் இன்ஜின் 88 குதிரைத்திறனோடும் ஐந்து கியரோடும் வந்தது. அப்புறம்தான் கான்டெஸா தன் முகத்துக்கு ஏற்ற கார் ஆனது. 2002இல் உற்பத்தி நின்றுபோன பிறகும் ஜனங்கள் நினைவில் வைத்திருப்பது அந்த 1.8ஐத்தான்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கூடி, நெடுஞ்சாலைக்கு ஓவர்டிரைவ், அதாவது இன்ஜின் சுற்றைக் குறைக்கிற கூடுதல் மேல் கியர், போடலாமா என்று பேச ஆரம்பித்தால் எனக்கு இந்த இரண்டு கான்டெஸாவும் நினைவுக்கு வந்துவிடும். முதல் வண்டியில் ஐந்தாவது கியரை மட்டும் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சமதளத்தில் கொஞ்ச தூரம் சத்தம் அடங்கி ஓடும். ஒரு பாலத்து ஏற்றம் வந்ததும் நாலுக்கு இறக்கச் சொல்லும். நோஞ்சான் மாட்டில் பாரவண்டியைப் பூட்டிய கதைதான். ஓவர்டிரைவால் இல்லாத பலத்தை உண்டாக்க முடியாது. இன்ஜினிடம் மிச்சம் கிடக்கும் இழுவையை எடுத்து அமைதியாக மாற்றித் தரும், அவ்வளவே. ஆகவே மிச்சம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கியர் பாக்ஸின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பழைய வண்டி ஓட்டும் ரசனை இன்னும் கூடும். பழைய நாலு கியர் பெட்டியில் ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவற்றில் சக்தி மேல் தண்டிலிருந்து கீழே உள்ள லே ஷாஃப்ட்டுக்கு இறங்கி, அங்கிருந்து மறுபடி மேலேறி வெளியே போகும். இரண்டு ஜோடிப் பற்கள் உரசும் அந்த ஊளை நமக்குக் கேட்கும். நாலாவதைப் போட்டதும் இன்ஜின் தண்டும் வெளித்தண்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு ஒரே கம்பியாகச் சுழல்கின்றன. இன்ஜின் ஒரு சுற்று, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் ஒரு சுற்று. எடை தாங்கும் பல் எதுவும் இல்லை. மூன்றிலிருந்து டாப்புக்கு மாற்றிய கணத்தில் காலடியில் இருந்த ஊளை சட்டென்று அறுந்துபோகிறதே, அந்த அமைதிக்காகவே பழைய வண்டி ஓட்டலாம். ஐந்தாவது கியர் இந்த நேர்வழியை விட்டு மறுபடி லே ஷாஃப்ட் வழியாகச் சுற்றிப் போகிறது. இன்ஜின் சத்தம் குறையும். பல்லின் மெல்லிய ஊளை திரும்பி வரும். காது பழகியவர்களுக்கு இது தெரியும். ஓவர்டிரைவில் எல்லாமே லாபம் என்று சொல்பவர்கள் டாப் கியரைச் சரியாகக் கேட்டதில்லை என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் நியாயம் வேறு. 1964 போன்டியாக் ஜிடிஓவை எடுத்துக்கொள்ளுங்கள். 6.4 லிட்டர் வி8, 325 குதிரைத்திறன். சிக்னலிலிருந்து பாய வேண்டும் என்று வாங்கியவர்கள் பின் அச்சுக்கு 3.90 விகிதக் கிரவுன் கேட்டு வாங்கினார்கள். நாலாவது கியர் நேர் கியர். மணிக்கு 100 கிலோமீட்டரில் அந்த இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,100 சுற்று சுற்றும். கால் மைல் பந்தயத்துக்கு அது சங்கீதம். நாள் முழுக்க நெடுஞ்சாலையில் போனால் தலைவலி. அதே காரில் 0.68 விகிதமுள்ள ஐந்தாவது கியரைப் போட்டால் சுற்று 2,100க்கு இறங்கிவிடும். அந்த வி8க்கு 2,100இல் கூட ஏற்றத்தை விழுங்கும் இழுவை உண்டு. அங்கே ஓவர்டிரைவ் வேண்டுமா என்று விவாதிப்பதே வெட்டி வேலை. போட்டுவிட வேண்டியதுதான்.

எங்கள் ஊர் சுருளிப்பட்டியில் ஜிடிஓ கிடையாது. ஜீப் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் மசில் கார் என்று நான் சொல்வது இந்த ஜீப்பைத்தான். விடியுமுன்னே ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டிலும் குமுளியிலும் ஏறுகிற ட்ரிப் ஜீப்புகள் ஒரு பக்கம். பன்னீர் திராட்சைப் பந்தலுக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி, அப்பா காலத்து வண்டி என்று வைத்திருக்கிறவர்கள் இன்னொரு பக்கம். மஹிந்திரா வில்லிஸ் உரிமத்தில் கட்டிய உயரமான பானெட் வண்டிதான் இந்த இரண்டாவது வகையாரின் செல்லம். அந்தப் பானெட் ஏன் உயரம்? உறிஞ்சும் வால்வுகளைத் தலைக்கு மேலே வைத்த ஹரிக்கேன் இன்ஜின் பழைய கூட்டுக்குள் அடங்கவில்லை; பானெட்டைத் தூக்கிவிட்டார்கள். அழகுக்காகச் செய்ததில்லை, பார்க்கப் பார்க்க அழகாகிவிட்டது.

அந்த வண்டியின் பின் ஹவுசிங்கைப் பிரித்துப் பார்த்தால் மொத்த விஷயமும் விளங்கிவிடும். பெரிய பல்சக்கரமான கிரவுனில் 43 பல், சின்னதான பினியனில் 8 பல். புரொப்பெல்லர் ஷாஃப்ட் 5.38 தடவை சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. உழவுக்கும் மலைக்கும் கணக்குப் போட்டுச் செய்த பல். மூன்று கியர் பெட்டி. மூன்றாவது நேர் கியர். 16 அங்குல வட்டில் பழைய அளவு டயரோடு 60 கிலோமீட்டரில் போனால் இன்ஜின் ஏறக்குறைய 2,450 சுற்று. இதமாக இருக்கும். 80இல் 3,260 சுற்று. இன்ஜினின் ஸ்ட்ரோக் 111 மில்லிமீட்டர். அத்தனை நீளமான ஓட்டத்தில் பிஸ்டன் நொடிக்குச் சராசரி 12 மீட்டர் வேகத்தில் மேலும் கீழும் அடித்துக்கொள்ளும். ஸ்டியரிங் நடுங்கும், கதவு இருந்தால் கதவு நடுங்கும், பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும்.

அமெரிக்காவில் ஜீப்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வார்ன் நிறுவனம் ஒரு கை அகலத்தில் கச்சிதமான ஓவர்டிரைவ் பெட்டி விற்றது. முன் பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம், மற்ற கருவிகளை ஓட்ட வைத்திருந்த வாயின் மூடியைக் கழற்றி அங்கே மாட்ட வேண்டும். சேஸிஸை வெட்ட வேண்டாம், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைத் தொட வேண்டாம். தரையில் இன்னொரு சின்ன லீவர், அவ்வளவுதான். சுற்று 25 சதவீதம் குறையும். 80இல் போகிறபோது இன்ஜின் 60இல் போவதாக நினைத்துக்கொள்ளும். பிஸ்டன் வேகம் 12 மீட்டரிலிருந்து 9 மீட்டருக்கு இறங்கும். மூன்று கியரிலும் அதைப் போட்டு எடுக்கலாம் என்பதால் மூன்று கியர் ஆறாகிவிடும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இருக்கும் பெரிய பள்ளத்தில் ஒரு படி கிடைக்கும். ஓவர்டிரைவ் செய்தவர்களில் வண்டியின் மனசைப் படித்துச் செய்தவர்கள் என்று இவர்களைத்தான் சொல்வேன்.

அது கிடைத்தாலும் நம் ஊரில் எத்தனை தூரம் பயன்படும்? சுருளிப்பட்டியிலிருந்து கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியாகத் தேனி போகிறோம். போகும்போது சாலை கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிக்கொண்டே போகிறது. திரும்பும்போது அதே சாலை கண்ணுக்குத் தெரியாமல் ஏறுகிறது. ஆனி ஆடியில் மேற்கிலிருந்து வருகிற காற்று வேறு முகத்தில் அடிக்கும். இந்தப் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஜீப்பின் முகம் நிமிர்ந்த கண்ணாடி, தட்டையான கிரில், காற்றைப் பிடிப்பதற்கென்றே செய்தது போல. தேனிக்குப் போகையில் ஓவர்டிரைவில் சுகமாக ஓடும் வண்டி, திரும்புகையில் சின்னமனூர் தாண்டினதும் டாப்புக்கு இறக்கு என்று கேட்கும். வழியில் டிராக்டர், நெல் அறுப்பு மிஷின், தேங்காய் லாரி, பள்ளிக்கூட பஸ். நடுத்தடுப்பு இல்லாத சாலையில் காருக்கு 2018இல் மத்திய அரசு வைத்த உச்ச வரம்பே 70. அந்த 70இல் பழைய ஜீப் இன்ஜின் 2,850 சுற்றுதான் சுற்றுகிறது. கொஞ்சம் சத்தம், வேறு கெடுதல் இல்லை.

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி ஏற்றத்தில் ஓவர்டிரைவ் சும்மா கிடக்கும். இறக்கத்தில் சும்மா கிடந்தால் நல்லது. அமெரிக்கக் கார்களில் வந்த பழைய போர்க்-வார்னர் ஓவர்டிரைவில் ஒரு குணம் உண்டு: பூட்டி வைக்காவிட்டால், வேகம் குறைந்த நேரத்தில் சக்கரம் இன்ஜினை விட்டு விலகித் தானாக உருளும். சமதளத்தில் சொகுசு. கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் பிடி இல்லாமல் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். மலைக்கு அந்த ரகத்தை வாங்கிக்கொண்டு வருபவரை நான் தடுத்துவிடுவேன்.

இங்கே பட்டறைகளில் நடப்பது வேறு வைத்தியம். பொலேரோவின் ஐந்து கியர் பெட்டியைப் பழைய ஜீப்புக்கு ஏற்றுவது. கம்பத்துப் பட்டறை ஒன்றில் கேட்ட பேச்சு இது:

"அண்ணே, பொலேரோ பெட்டி போட்டா நூறுல போகுமாண்ணே?"

"போகும்டா. நூறுல போயி எங்கிட்டு நிறுத்துவ? பிரேக்கு அதே ஒம்போது இஞ்சு டிரம்முதான."

ஓவர்டிரைவ் பற்றி நான் கேட்டதிலேயே சுருக்கமான விமர்சனம் இதுதான். வேகத்தைக் கூட்டுகிற கியர் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் பட்டை ஸ்பிரிங்கையும் கூட்டிக்கொண்டு போகாது. இன்னொன்றும் உண்டு. புதுப் பெட்டி நீளம் கூடியது. இரண்டு அச்சுக்கும் நடுவே 80 அங்குலமே உள்ள குட்டை ஜீப்பில் பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு முழத்துக்குக் குறுகிப்போகிறது. ஜாயிண்ட் அதிகக் கோணத்தில் மடங்கும், அதிர்வு வரும், கிராஸ் அடிக்கடி போகும். ஆள் ஏற்றுகிற நீள ஜீப்புக்கு இந்தத் தொல்லை குறைவு. அதில் ஐந்து கியர் பொருந்திவிடும்.

பணம் குறைவாகச் செலவழிக்க விரும்புபவர்கள் கிரவுனை மாற்றுவார்கள். 47க்கு 11 பல் போட்டால் 4.27. சுற்று ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஃபோர் வீல் ஜீப் என்றால் முன் ஹவுசிங்கிலும் அதே விகிதம் மாற்றியாக வேண்டும். இல்லையென்றால் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி எங்காவது ஒரு பல் உடையும். ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லும், ஏனென்றால் அதன் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருகிறது. வண்டி உண்மையில் போகும் வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். கிரவுனை மாற்றுவதில் உள்ள பெரிய நஷ்டம் வேறு. முதல் கியரும் அதே அளவுக்கு நீண்டுவிடும். கிளட்சை விட்டால் மிதி இல்லாமலே தோட்டத்துச் சரிவில் ஊர்ந்து ஏறிய வண்டி, இனிமேல் கிளட்சை எரித்துக்கொண்டு ஏறும். ஓவர்டிரைவுக்கும் கிரவுனுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். ஓவர்டிரைவ் கீழே இருப்பதைத் தொடாமல் மேலே ஒரு படி கட்டுகிறது. கிரவுன் மொத்த வீட்டையும் நகர்த்துகிறது.

இன்ஜினையே மாற்றலாம் என்று இறங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்.சி.யில் இன்ஜின் எண் இருக்கிறது. ஆர்.டி.ஓ. அனுமதியை முதலில் வாங்குங்கள். பட்டறைக்கு அப்புறம் போங்கள்.

என்னைக் கேட்டால் தீர்ப்பு இப்படி. திண்டுக்கல் தாண்டித் திருச்சி, சென்னை என்று நான்குவழிச் சாலையில் அடிக்கடி ஓட வேண்டிய வண்டிக்கு, இன்ஜினில் இழுவை மிச்சம் இருந்தால், ஓவர்டிரைவ் போடுங்கள். பிரேக்கைச் சரிசெய்துவிட்டுப் போடுங்கள். இசுஸு கான்டெஸா வைத்திருப்பவருக்குக் கவலையே இல்லை, ஐந்தாவது கியர் கூடவே வந்திருக்கிறது. 1.5 கான்டெஸா வைத்திருப்பவர் நாலு கியரோடு 60இல் போய் அந்த முகத்தை ஊருக்குக் காட்டட்டும். சுருளிப்பட்டிக்கும் தேனிக்கும் நடுவே ஓடி, வருஷத்துக்கு ஒருமுறை மதுரை போகிற மூன்று கியர் ஜீப்புக்கு ஓவர்டிரைவ் வேண்டாம். அந்தக் காசில் நாலு பிரேக் டிரம்மையும் கடைந்து, நல்ல டயர் போட்டு, கிங் பின் ஆட்டத்தை எடுத்துவிடுங்கள்.