டிரபீசியமும் சரிவகமும்

கணிதத்திற்குத் தமிழ் போதாது, ஆங்கிலச் சொல்லே திட்பமுடையது என்போர் இன்றும் நம்மிடையே உளர். ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற யானும் ஒருகால் அவ்வாறே எண்ணினேன். 'டிரபீசியம்' என்பதை ஆராய்வோம்.

கிரேக்கத்தில் 'டிரபேசா' என்றால் மேசை. வேர்ப்பொருளோ நாலடியுடையது என்பது. நம் 'நாற்காலி'யேதான்! அவர் அதன்மேல் உணவை வைத்தனர். நாம் ஏறி அமர்ந்தோம். 'டிரபீசியம்' எனின் சிறு மேசை. சதுரம், நீள்சதுரம், சாய்சதுரம், இணைகரம் ஒழிந்த நாற்கரம் அனைத்தையும் யூக்ளிட்டு அப்பெயரால் அழைத்தார். ஐந்தாம் நூற்றாண்டினரான புரோக்கிளசு, இருபக்கம் மட்டும் இணையாயுள்ளதற்கே அதனை உரியதாக்கி, இணைபக்கம் அற்றதை 'டிரபீசாய்டு' என்றார். 1795இல் வெளிவந்த சார்லசு அட்டனின் கணித அகராதி இரண்டையும் தலைகீழாக்கிற்று. இங்கிலாந்து பின்னர்ப் பழைய வழக்கிற்கே மீண்டது, அமெரிக்கா மீளவில்லை. ஒரே சொல் இலண்டனில் ஒரு வடிவு, நியூயார்க்கில் வேறு வடிவு. இதுவோ திட்பம்?

தமிழ்ப் பாடநூல்களில் வழங்கும் 'சரிவகம்' குறையற்றதன்று. இணைகரமும் சரிந்ததன்றோ என வினவின், வினா நேரியதே. ('நாற்கரம்' என்பதிலுள்ள 'கரம்' வடசொல் என்பாரும் பொறுத்தருள்க.) ஆயினும் 'சரிவகம்' எனக் கேட்ட சிறுவன் சரிந்த கோடொன்றை இழுக்கவேனும் முற்படுவான். 'டிரபீசியம்' எனக் கேட்ட நாளில் யான் கரும்பலகையை வெறித்து நோக்கியிருந்தேன்.