தகவலாளரும் பாடகரும்

1907இல் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். 1999இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம், ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைக'ளை வெளியிட்டது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முறையாக மேடையேறியது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. கானா, ராப், ராக். கிட்டாரோடு பறை, டிரம்ஸோடு சட்டியும் கட்டமோளமும். குழுவின் பெயர் அயோத்திதாசரின் 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்தாக்கத்திலிருந்து எடுத்தது. ஒரு பைசாப் பத்திரிகை, ஒரு தொகுப்பாசிரியரின் உழைப்பு, கல்லூரி அச்சு, அப்புறம் ஸ்பீக்கர் பெட்டி. எழுத்திலிருந்து இசைக்குப் போன பாதை இது. திரும்பி வரும் பாதை ஒன்று உண்டா, இந்தக் குழுவிலிருந்து ஆய்வெழுத்து எதையாவது எடுத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் இங்கே என் கேள்வி.

பிடித்த பாட்டை வைத்துக்கொண்டு ஆய்வு எழுதுவதற்கு நம்மிடம் இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன. ஒன்று, அலங்காரம். இயல் தலைப்புக்கு மேலே பாட்டுவரி ஒன்றைச் சாய்வெழுத்தில் போட்டுவிட்டு, கீழே 'இவ்வியல் ஆராய முற்படுகிறது' என்று தொடங்குவது. இன்னொன்று, பாட்டையே பொருளாக்கிக் கூறுபோடுவது: மரண கானா, ஜெயில் கானா, காதல் கானா; அதில் சமூகச் சிந்தனை, உவமை நலம், பிறமொழிச் சொற்கள். வடசென்னை பற்றி நான் புரட்டிய ஆய்வேடுகளில் இரண்டாவது வகைதான் அதிகம். பெரும்பாலும் எம்.ஃபில். ஏடுகள். (அந்தப் பட்டத்தையே 2022இல் நிறுத்திவிட்டார்கள், ஏடுகள் அலமாரியில் இருக்கின்றன.) இரண்டு வகையிலும் எழுதுகிறவரின் வாக்கியம் மட்டும் மாறுவதில்லை. பக்கத்தில் எத்தனை பறை அடித்தாலும் 'எனலாம்', 'என்பது புலனாகிறது' அசையாமல் நிற்கும்.

வாக்கியத்தைவிட முக்கியமானது இட ஒழுங்கு. நாட்டார் வழக்காற்று ஆய்வேடு எதையாவது எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். 'தகவலாளர் பட்டியல்' இருக்கும். பெயர், வயது, சாதி, கல்வி, தொழில், ஊர். கல்விக் கட்டத்தில் 'இல்லை' என்று வரிசையாக இருக்கும். முன்னால் வரும் இருநூறு பக்கங்களில் இவர்கள் பாடியது மேற்கோள், ஆய்வாளர் சொல்வது கருத்து. ஒரு கோட்பாட்டாளரின் பெயர் உடலுக்குள் வரும், வினைச்சொல்லோடு வரும்: 'ஃபூக்கோ கூறுகிறார்.' பாடியவர் கூறுவதில்லை. அவர் 'பதிவு' செய்யப்படுகிறார். அதிகாரத்தின் சொல்லாடல் பற்றி ஒரு இயல் முழுக்க எழுதிய ஏட்டிலும் இந்தப் பட்டியல் இப்படியேதான் இருக்கிறது.

காசிமேட்டில் கானா பாடும் பெரியவர் ஒருவரிடம் டேப்பை வைத்துக்கொண்டு இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். பாடி முடித்தவர் கேட்டார்: "எம் பேரு இதுல எங்க வரும் தம்பி?" "கடைசில அண்ணே, பின்னிணைப்புல." அவர் கொஞ்சம் யோசித்தார். "படம் முட்ஞ்சி லைட்டு போட்டப்புறம் ஓடுமே, அந்த மாறியா?" நான் வாசித்த எந்தப் பின்காலனியக் கட்டுரையும் இவ்வளவு சுருக்கமாக இதைச் சொன்னதில்லை.

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையை இந்தக் கேள்வியோடு பார்க்க வேண்டும். முதல் நிகழ்ச்சியில் 19 பேர், கோட்டு சூட்டில். ஆய்வேட்டில் பின்னிணைப்புக்குப் போயிருக்கக்கூடியவர்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள், பெயர் சொல்லி அழைக்கப்படுகிறார்கள், இடஒதுக்கீடு பற்றி வாதிடுகிறார்கள். அது 'தரவு' அல்ல, வாதம். ராயபுரத்துக்காரரான இசைவாணி, ஆண்களே பாடிவந்த கானாவைப் பாடுகிறார். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. ஆனால் எனக்கு அந்தப் பட்டியலைவிட அவர் ஒரு பாட்டுக்குள் எந்த இடத்தில் நுழைகிறார் என்பது முக்கியம். ஒரு குரல் சொன்னதை இன்னொரு குரல் மறுக்கிறது. கூட்டுக்குரல் இரண்டையும் வாங்கித் திருப்பிப் போடுகிறது. யாரும் 'இதனால் பெறப்படுவது யாதெனில்' என்று முடித்துவைப்பதில்லை.

ஒப்பிட, எண்ணூரிலிருந்து ஒரு உதாரணம். 2017 ஜனவரியில் வெளிவந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்'. எழுதியவர் கபேர் வாசுகி. இதே டென்மாவோடு 'குரங்கன்' குழுவில் இருந்தவர். பாடியவர் டி.எம். கிருஷ்ணா. வருவாய்த்துறைச் சொல் ஒன்றை எடுத்து, அது வசைச்சொல்லானதை விசாரித்து, எண்ணூர் கழிமுகத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. நல்ல கட்டுரை செய்ய வேண்டிய வேலை. எனக்குப் பிடித்த பாட்டு. ஆனாலும் பாடும் குரல் எண்ணூருடையது அல்ல. அது எண்ணூரைப் பற்றிய பாட்டு. நம் ஆய்வேடுகளில் சிறந்தவை எட்டியிருப்பது இந்த இடத்தைத்தான். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் கேட்பது அதற்கு அடுத்த படியை.

இது நம்மூர்ப் பிரச்சினை மட்டும் அல்ல. டு பாய்ஸ் 1903இல் எழுதிய 'கறுப்பு மக்களின் ஆன்மாக்கள்' நூலில் இயல்களின் தலையில் இரண்டு மேற்கோள்கள்: ஒன்று பெரும்பாலும் வெள்ளைக் கவிஞர்களின் வரி, அதன் கீழே அடிமைகளின் சோகப்பாடல் ஒன்றின் இசைக்குறிப்பு. சொற்கள் கிடையாது, பாட்டின் பெயரும் கிடையாது. படித்த வாசகனுக்குக் கவிதை புரியும், குறிப்பு புரியாது. கடைசி இயலில்தான் அந்தப் பாடல்களைப் பற்றிப் பேசுகிறார். தெரியாதவன் யார் என்பதை அச்சமைப்பே தலைகீழாக்கிவிடுகிறது. அலங்காரத்துக்கும் வடிவத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பால் கில்ராய் 1993இல் 'கறுப்பு அட்லாண்டிக்'கில் இன்னொன்றைச் சேர்த்தார்: இசையைப் பிரதியாக மட்டும் வாசித்தால் நிகழ்த்துதல் தப்பிவிடும். எண்பதுகளிலிருந்து எதையும் 'பிரதி' என்று சொல்லிப் பழகிய நமக்கு இது கசக்கும்.

என் கட்டுரை கானாவின் தோற்றம் பற்றியது. மூன்று பாடகர்கள் மூன்று கதை சொன்னார்கள். ஒருவருக்குக் குணங்குடி மஸ்தான் சாகிபு. ராயபுரம் தண்டையார்பேட்டைப் பக்கம் 1838இல் அடங்கியவர். ஒருவருக்குத் திருவொற்றியூரில் கடலைப் பார்த்தபடி சமாதியான பட்டினத்தார். காசிமேட்டுப் பெரியவருக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், வேறு யாரும் இல்லை. ஆய்வுமுறை இவற்றில் ஒன்றைத் தேர்ந்து மற்றதை 'ஆதாரமற்ற நம்பிக்கை' என்று அடிக்குறிப்புக்கு அனுப்பும். நான் மரண கானாவின் அமைப்பை எடுத்துக்கொண்டேன். அங்கே இறந்தவரின் பெயர், தெரு, யாருக்கு அப்பா, என்ன வேலை எல்லாமே பாட்டுக்குள் வரும். சொந்தக்காரர் யாராவது "பெரிய பையன் பேர வுட்டியே" என்று குரல் கொடுத்தால் அடுத்த அடியிலேயே சேர்க்க வேண்டும். அதுபோல மூவரும் பெயரோடும் தெருவோடும் உடலுக்குள் வந்தார்கள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் போட்டுக்காட்டி, மறுப்பையும் எழுதினேன். என் பத்திகள் இடையில் வரும் கூட்டுக்குரல் மட்டும்.

மதிப்பீட்டாளரின் குறிப்பு: 'ஆய்வாளரின் நிலைப்பாடு தெளிவாக இல்லை.' கோபம் வந்தது. ஆனால் குறிப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அவர் நினைத்த இடத்தில் இல்லாவிட்டாலும். 19 பேர் பாடினாலும் ஒலிக்கலவை மேசையில் ஒருவர் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். எந்தக் குரல் எவ்வளவு உரக்க என்று அவர் கை தீர்மானிக்கிறது. 'நான் குரல்களைப் பேசவிட்டேன்' என்று எழுதுகிறவர் அந்த மேசையைத் துணி போட்டு மூடுகிறார்.

கூட்டுப்படைப்பில் இது எங்கே போய் முட்டும் என்பதை இதே குழுவில் பாடிய அறிவின் விஷயத்தில் பார்த்தோம். 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'யை எழுதியவர், தீயோடு பாடியவர் அவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டியின் வாழ்விலிருந்து எழுந்த பாட்டு என்று சொன்னவர். அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியாவின் அட்டையில் அவர் இல்லை. எதிர்ப்புக்குப் பிறகு தனி அட்டை வந்தது. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் அவர் இல்லாமல் அந்தப் பாட்டு ஒலித்தபோது, யாருடைய உழைப்பு எவ்வளவு என்று அறிவும் சந்தோஷ் நாராயணனும் தீயும் பொதுவெளியில் எழுத வேண்டியிருந்தது. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பாட்டியின் பெயர், எழுதியவரின் பெயர், மெட்டின் பெயர் எந்த வரிசையில் வரும் என்ற சண்டை, காசிமேட்டுக் கேள்வியேதான்.

ஆகவே திருத்திய வடிவத்தில் ஒரு பத்தியைச் சேர்த்திருக்கிறேன்: இரண்டு மணிநேரப் பதிவில் எதை எடுத்தேன், எதை வெட்டினேன், ஏன். அதைப் பெரியவருக்கு வாசித்துக் காட்டினேன். வெட்டியதில் இரண்டு இடத்தைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். ஒன்றைச் சேர்த்துவிட்டேன். மற்றது பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.