வேலூர் 2019: ரத்தானது யாருடைய ஓட்டு?

தேர்தலில் பணம் என்று பேச்சு வந்தாலே நம்ம ஆட்கள் இரண்டு பேரைத்தான் திட்டுவார்கள். கொடுத்தவன் ஒருத்தன், வாங்கினவன் ஒருத்தன். மூன்றாவதாக ஒரு தரப்பு உண்டு, தேர்தலையே ரத்து செய்கிற தரப்பு. அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. ரத்து செய்தால் ஏதோ நேர்மை காப்பாற்றப்பட்ட மாதிரி ஒரு திருப்தி. 2019 வேலூர் மக்களவைத் தேர்தல் பற்றிய என் பழைய குறிப்புகளை வைத்துக்கொண்டு, அந்தத் திருப்தி நியாயமானதுதானா என்று பார்க்கலாம். நியாயமில்லை என்பது என் கருத்து. காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் நடந்தது என்ன. தமிழ்நாட்டுக்கு வாக்குப்பதிவு 2019 ஏப்ரல் 18. மார்ச் 30ஆம் தேதி காட்பாடியில் திமுக பொருளாளர் துரைமுருகன் வீட்டில் வருமான வரித் துறை சோதனை. அவர் மகன் கதிர் ஆனந்த்தான் வேலூரில் திமுக வேட்பாளர். இரண்டு நாள் கழித்து, கட்சிக்காரர் ஒருவருடையது என்று சொல்லப்பட்ட சிமென்ட் கிடங்கிலிருந்து சுமார் 11 கோடியே 48 லட்சம் ரூபாய் பிடிபட்டது. பெரும்பாலும் 200 ரூபாய் நோட்டுகள். வார்டு விவரம் எழுதிய பொட்டலங்கள். அரசியல் பழிவாங்கல் என்றது திமுக. ஏப்ரல் 14 அன்று தேர்தல் ஆணையம் ரத்துக்குப் பரிந்துரைத்தது. 16ஆம் தேதி, பிரச்சாரம் ஓய்ந்த அதே நாள், குடியரசுத் தலைவர் அறிவிக்கையை ரத்து செய்தார். பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டி ஒரு மக்களவைத் தேர்தல் ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல் தடவை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆணையத்தின் கோபம் புரியும். அப்போது ஒரு மக்களவை வேட்பாளர் சட்டப்படி செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 70 லட்சம். பிடிபட்டது அதைப்போல 16 மடங்கு. ஆளுக்கு ஒரு 200 ரூபாய் நோட்டு என்று வைத்தால் 5 லட்சத்து 74 ஆயிரம் பேருக்குக் காணும். இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனா ஒரு கேள்வி. பிடிபட்ட பணம் வாக்காளர் கைக்குப் போகவில்லை. போகாமல் தடுத்ததுதானே பறிமுதலின் வெற்றி? தடுத்தாச்சு, வழக்குப் போட்டாச்சு. அதற்கு மேல் தேர்தலை ரத்து செய்ததால் என்ன கிடைத்தது? பிடிபடாத பணமும் வெளியே போயிருக்கும், களம் சமமாக இல்லை என்று பதில் வரும். அதையும் ஏற்றுக்கொள்கிறேன். அப்படியென்றால் ரத்துக்குப் பிறகு களம் எப்படிச் சமமானது என்று பார்க்க வேண்டும், இல்லையா?

பார்ப்போம். ஆகஸ்ட் 5 அன்று மறுபடி தேர்தல் அறிவித்தார்கள். திமுகவுக்கு அதே கதிர் ஆனந்த். எதிரே இரட்டை இலையில் அதே ஏ.சி. சண்முகம், புதிய நீதிக் கட்சித் தலைவர். அதே தொகுதி, அதே ஆட்கள். சட்டம் இங்கே ஒரு வேடிக்கை செய்கிறது. புது அறிவிக்கை, புது வேட்புமனு என்றால் செலவுக் கணக்கும் புதுசு. வேட்புமனு தாக்கல் செய்த நாளிலிருந்துதான் செலவு கணக்கிடப்படும். ஆக, ஏப்ரல் வரை செய்த செலவு அத்தனையும் கணக்கிலிருந்து கழன்றுவிட்டது. அடுத்து தேர்தல் மனு. லஞ்சம் கொடுத்து ஜெயித்ததாக நிரூபித்தால் உயர் நீதிமன்றம் அந்த வெற்றியைச் செல்லாது என்று சொல்லலாம், ஆறு ஆண்டுவரை தகுதியிழப்பும் வரலாம். ஆனால் அது ஜெயித்தவர் மேல் போடுகிற மனு. ஏப்ரலில் ஜெயித்தவரே இல்லையே, யார் மேல் போடுவது? ரத்து என்பது குற்றம் சாட்டப்பட்ட தரப்புக்கு ஒரு புது சிலேட்டை எடுத்துக் கொடுத்தது. இதை நான் கட்சி பார்த்துச் சொல்லவில்லை. எந்தக் கட்சிக்காரர் கிடங்கில் பிடிபட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

சண்முகமே ரத்தை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றம் போனார் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். தப்புப் பண்ணினவரைத் தகுதிநீக்கம் செய்யுங்கள், தேர்தலை நடத்துங்கள் என்பது அவர் வாதம். மனு ஏப்ரல் 17 அன்றே தள்ளுபடி. அவர் சொன்ன வழிக்குச் சட்டத்தில் இடமில்லை என்பது உண்மைதான். வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை நிறுத்த மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 58ஏ பிரிவு இருக்கிறது. பணத்துக்கு அப்படி ஒரு பிரிவு கிடையாது. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் சட்டமன்றத் தேர்தல்களை நிறுத்திய பிறகு, 58பி என்று ஒன்று சேர்த்துக்கொடுங்கள் என்று ஆணையம் கேட்டது. மத்திய அரசு மறுத்துவிட்டது. அதனால்தான் 2017 ஆர்.கே. நகரிலும் 2019 வேலூரிலும் அரசியலமைப்பின் 324ஆவது பிரிவு, பொது விதிகள் சட்டம் என்று சுற்றி வளைத்துப் போக வேண்டியிருந்தது. அறிவிக்கை போட அதிகாரம் இருந்தால் அதை எடுக்கவும் அதிகாரம் உண்டு என்கிற தர்க்கம். அறிவிக்கையை எடுக்கலாம், ஆளை எடுக்க முடியாது. கையில் இருக்கிற ஒரே ஆயுதம் வாக்காளர் மேல்தான் விழும்.

இப்போது எங்க ஊர்ப் பக்கம் வருகிறேன். இந்த ரத்தின் கோணல் இங்கிருந்து பார்த்தால்தான் நல்லாத் தெரியும்.

அன்றைக்கு ஜோலார்பேட்டை வேலூர் மாவட்டம். ஆனால் மக்களவைக்குத் திருவண்ணாமலைத் தொகுதி. ரயிலில் கேத்தாண்டப்பட்டி தாண்டினால் வாணியம்பாடி, அது வேலூர்த் தொகுதி. ஏப்ரல் 18 அன்று நாங்கள் எம்.பி.க்கு ஓட்டுப் போட்டோம், வாணியம்பாடிக்காரர்கள் வீட்டில் இருந்தார்கள். சோதனை நடந்த காட்பாடி இருக்கிறதே, அது அரக்கோணம் தொகுதி. அங்கேயும் ஓட்டுப்பதிவு நடந்தது!

இதைவிடப் பெரிய கோணல் ஆம்பூரும் குடியாத்தமும். இரண்டும் வேலூர்த் தொகுதிக்குள் வருகிற சட்டமன்றத் தொகுதிகள். இரண்டுக்கும் அதே ஏப்ரல் 18 அன்று இடைத்தேர்தல். அது ரத்தாகவில்லை. ஆக, ஷூ கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வரிசையில் நின்ற ஆம்பூர்க்காரர் எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு நேர்மையானவர். அதே நாள், அதே சாவடி, எம்.பி.யைத் தேர்ந்தெடுக்க மட்டும் அவர் மனசு பணத்தால் கெட்டுப்போய்விட்டது. வார்டு வாரியாகக் கட்டிய பணம் ஒரு ஓட்டைக் கெடுத்து இன்னொரு ஓட்டை எப்படி விட்டுவைக்கும்? களம் கெட்டுவிட்டது என்ற வாதம் இந்த இடத்தில் நிற்கவே நிற்காது.

அடுத்து, தேதி. தேர்தலைத் தள்ளிப்போட்டால் அதே தேர்தல்தான் பிறகு நடக்கும் என்று ஆணையம் நினைத்த மாதிரி தெரிகிறது. அப்படி நடக்காது. ஏப்ரல் இடைத்தேர்தலில் குடியாத்தத்தை திமுக ஜெயித்தது. ஆகஸ்டில் அதே குடியாத்தம் பகுதியில் அதிமுக அணி முன்னிலை. எங்கள் திருவண்ணாமலைத் தொகுதியில் ஏப்ரலில் திமுகவின் வித்தியாசம் 3 லட்சத்துக்கும் மேல். பக்கத்து வேலூரில் ஆகஸ்டில் வெறும் 8,141. கதிர் ஆனந்த் 4,85,340, சண்முகம் 4,77,199. வேட்பாளரின் செல்வாக்கு, கூட்டணி என்று வேறு காரணங்களும் இருக்கலாம். 2014இலேயே சண்முகம் இங்கே இரண்டாம் இடம் வந்தவர். ஆனாலும் ஏப்ரலில் கேட்ட கேள்வியும் ஆகஸ்டில் கேட்ட கேள்வியும் ஒன்றல்ல. ஏப்ரலில் கேள்வி, டெல்லியில் யார் ஆள்வது. ஆகஸ்டுக்குள் டெல்லியில் ஆட்சி அமைந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது.

நடுவில் தண்ணி விஷயம் வேறு. ஜூனில் சென்னை வறண்டு கிடந்தபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோவோம் என்றார் முதல்வர் பழனிசாமி. வேலூர் மாவட்டத்துத் தண்ணியை எடுத்தால் போராட்டம் வெடிக்கும் என்று துரைமுருகன் சொல்ல, சென்னைக்குத் தண்ணீர் கொடுக்க திமுகவுக்கு மனசில்லை என்று ஆளுங்கட்சி பிடித்துக்கொண்டது. அவர் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஜூலை 12 அன்று 50 டேங்கர் பெட்டியில் 25 லட்சம் லிட்டர் வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. ஏப்ரல் பிரச்சாரத்தில் இந்த ரயிலே கிடையாது.

இனி இந்த ரத்துக்கு வாக்காளர் கொடுத்த விலை. என் வாதத்தின் மையம் இதுதான்.

மே 23 அன்று நாடு முழுக்க முடிவு வந்தது. வேலூருக்கு எம்.பி. இல்லை. ஜூலை 5 பட்ஜெட், வேலூர் நாற்காலி காலி. ஜூலை 25 அன்று முத்தலாக் மசோதா மக்களவையில் நிறைவேறியது, அப்போதும் காலி. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர் என்று இஸ்லாமியர்கள் கணிசமாக வாழ்கிற தொகுதி இது. 2009இல் முஸ்லிம் லீக்கின் அப்துல் ரகுமானை மக்களவைக்கு அனுப்பிய தொகுதி. தங்கள் வீட்டு விவகாரத்தைப் பற்றிய சட்டம் அவையில் வரும்போது பேச ஒரு ஆள் இல்லை. மக்களவையில் அதிமுகவின் ஒரே உறுப்பினர் ரவீந்திரநாத் குமார் மசோதாவை ஆதரித்தார். ஐந்து நாள் கழித்து மாநிலங்களவையில் அதே கட்சி எதிர்த்துப் பேசி வெளிநடப்பு செய்தது. இந்த இரட்டை நிலை வேலூர்ப் பிரச்சாரத்தில் பெரிய சண்டையானது. ஆம்பூரில் ஒரு மண்டபத்தில் ஸ்டாலின் இஸ்லாமியப் பிரமுகர்களைச் சந்தித்தபோது, அனுமதி வாங்கவில்லை என்று அதிகாரிகள் மண்டபத்துக்கு சீல் வைத்தார்கள். சட்டம் நிறைவேறிய பிறகு அதைப் பற்றிய சண்டை இங்கே தெருவில் நடந்தது.

ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை. வேலூரில் ஓட்டுப்பதிவு. அதே நாள் காலை மாநிலங்களவையில் காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்தை நீக்கும் தீர்மானம். மறுநாள் மக்களவை. அப்போது வேலூரின் ஓட்டுகள் சீல் வைத்த இயந்திரங்களுக்குள் இருந்தன. எண்ணியது 9ஆம் தேதி. வேலூர் எம்.பி. இருந்திருந்தால் இந்த மசோதாக்கள் தோற்றிருக்காது, அது எல்லோருக்கும் தெரியும். பெரும்பான்மை அப்படி. ஆனால் பிரதிநிதித்துவம் என்பது ஜெயிக்கிற ஓட்டு மட்டும்தானா? எழுந்து நின்று இது எங்க ஊருக்கு ஆகாது, அல்லது ஆகும், என்று பதிவு செய்வதும்தானே. வேலூரின் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களுக்கு அந்தப் பதிவு கிடைக்கவில்லை.

வேறு எங்கேயாவது இதை நல்லபடி செய்திருக்கிறார்களா? அதே 2019இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 9ஆவது தொகுதியைப் பாருங்கள். 2018 நவம்பரில் குடியரசுக் கட்சியின் மார்க் ஹாரிஸ் 905 ஓட்டில் முன்னிலை. அவருக்காக வேலை செய்த ஆள் தபால் ஓட்டுகளில் தில்லுமுல்லு செய்ததாகப் புகார். மாநிலத் தேர்தல் வாரியம் முடிவை அறிவிக்காமல் நிறுத்தி, பிப்ரவரியில் பகிரங்க விசாரணை நடத்தியது. வேட்பாளரின் மகனே வந்து, அப்பாவை நான் எச்சரித்தேன் என்று சாட்சி சொன்னார். கடைசியில் ஹாரிஸே மறுதேர்தல் வேண்டும் என்றார். வாரியத்தின் ஐந்து பேரும் ஒருமனதாக ஒத்துக்கொண்டார்கள். மறுதேர்தலில் ஹாரிஸ் நிற்கவில்லை. அங்கேயும் நாற்காலி செப்டம்பர் வரை காலிதான், வாக்காளருக்கு நஷ்டம்தான். ஆனால் அந்த நஷ்டத்துக்குப் பதிலாக அவர்களுக்கு ஒன்று கிடைத்தது. தங்கள் ஓட்டுக்கு யார் என்ன செய்தார்கள் என்பது எல்லோர் முன்னாலும் வெளியே வந்தது.

வேலூர் வாக்காளருக்கு அதுகூட இல்லை. ரத்துக்கு முன் அவர் கேட்கும்படி ஒரு பகிரங்க விசாரணை நடக்கவில்லை. ஆகஸ்ட் ஓட்டுக்கு முன் ஒரு தீர்ப்பும் வரவில்லை. 2024 தேர்தலில் கதிர் ஆனந்த் அதே சண்முகத்தை, இம்முறை தாமரைச் சின்னத்தில் நின்றவரை, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். 2025 ஜனவரியில், அதாவது கிடங்குப் பணம் பிடிபட்டு ஐந்தே முக்கால் வருஷம் கழித்து, அமலாக்கத் துறை மறுபடி காட்பாடிக்கு வந்து சோதனை போட்டது. குற்றம் நடந்ததா இல்லையா என்பதற்கு வருஷக்கணக்கு ஆகிறது. வாக்காளரின் தண்டனைக்கு மட்டும் இரண்டே நாள்.

வேலூர்னாலே காசு வாங்குற ஊரு என்று அந்த நாலு மாதமும் கேலி ஓடியது. பிடிபட்ட பணத்தில் ஒரு நோட்டும் இந்த மக்கள் கைக்கு வரவில்லை என்பதைக் கேலி செய்தவர்கள் யோசிக்கவில்லை. ஒரு தப்புக்கு இழப்பைச் சுமந்தவர்கள் மேலேயே பழியையும் போட்டால், நாளைக்கு நிஜமாகவே பணம் கொடுக்கிறவனைக் காட்டிக்கொடுக்க யார் முன்வருவார்கள்? சொன்னால் நம்ம ஓட்டுத்தான் போகும் என்றுதானே இந்தப் பக்கத்து ஆள் கற்றுக்கொண்டிருப்பார்.

ஆணையத்துக்குப் பல் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அந்தப் பல் வேட்பாளரைக் கடிக்கிற மாதிரி இருக்கட்டும். ஆதாரம் வலுவாக இருந்தால் பகிரங்கமாக விசாரியுங்கள், நாள் குறித்து விசாரியுங்கள். தேர்தலை நடத்தி முடிவை வேண்டுமானால் நிறுத்தி வையுங்கள். தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால், விசாரணை முடியாமல் அதே வேட்பாளர் புதுக் கணக்கோடு திரும்பி வர வழி வைக்காதீர்கள். இதற்கெல்லாம் நாடாளுமன்றம் சட்டம் செய்ய வேண்டும். 58பி கேட்ட கடிதத்திலும் ஆணையம் கேட்டது தேர்தலை நிறுத்தும் அதிகாரத்தைத்தான். அது கிடைத்திருந்தாலும் வேலூரில் நடந்தது அப்படியேதான் நடந்திருக்கும். கேட்பதையே மாற்றிக் கேட்க வேண்டும்.